தெருவுக்கு எந்த கேம்?

திருவாரூருக்குத் தேர் அழகு, திருவிடைமருதூருக்குத் தெரு அழகு என்று எங்கள் பக்கம் ஒரு சொலவடை உண்டு. அந்த அழகான தெருவின் நட்டநடுவில், தைப்பூசத்துக்கு நான்கு நாள் முன்னால், என் மாமா பையன் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை வைத்துக்கொண்டு நின்றான். பின்னால் ஒரு மினிபஸ், அதற்குப் பின்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர். கார் கிளம்ப மாட்டேன் என்கிறது. அந்தக் கூச்சலுக்கு நடுவிலிருந்து எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது: "அத்தான், ஸ்லோவுல நிக்க மாட்டேங்குது. ஆனா ஆக்ஸிலேட்டர மிதிச்சா சும்மா சிங்கம் மாதிரி இருக்கு. என்னவா இருக்கும்?"

என்னவாக இருக்கும் என்று அவனுக்கே தெரியும். இரண்டு மாதம் முன்புதான் எஞ்சினைப் பிரித்து, உள்ளே இருந்த கேம்ஷாஃப்டை எடுத்து, கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் கொடுத்து ரேஸ் காருக்கான வடிவத்தில் தேய்த்து வாங்கி மாட்டியிருந்தான். என்னிடம் அப்போது கேட்கவில்லை. மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்துவிட்டுக் கோடு எழுதப் போன லட்சக்கணக்கானவர்களில் நானும் ஒருவன் என்பதால், எங்கள் குடும்பத்தில் என் ஆலோசனை எப்போதும் வண்டி நின்ற பிறகுதான் தேவைப்படும்.

அந்த ஹெரால்டை மாமா 1978இல் கும்பகோணத்தில் ஒரு டாக்டரிடமிருந்து வாங்கினார். மாமாவுக்கு அது கார். பையனுக்கு அது ஸ்போர்ட்ஸ் கார். கேட்டால் காரணம் வைத்திருப்பான். ஹெரால்டின் உடலை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி. டிரையம்ஃப் ஸ்பிட்பயர் என்ற இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரை வரைந்தவரும் அவரேதான். ஸ்பிட்பயர் நின்றதும் ஹெரால்டின் சேஸியைக் குறுக்கிச் செய்த சேஸியில்தான். எஞ்சினும் ஒரே குடும்பம். "உள்ள ஒரு ஸ்பிட்பயர் தூங்குது அத்தான். வெள்ளைக்காரன் நல்ல கேம அவன் ஊருக்கு வெச்சுக்கிட்டு நமக்கு மட்டமானத குடுத்துட்டான்" என்பது அவன் கட்சி.

இது நம்மூரில் பரவலாக இருக்கும் ஒரு மனக்குறைதான். கம்பெனிக்காரன் எஞ்சினுக்குள் பவரைப் பூட்டி வைத்திருக்கிறான், சரியான ஆள் கையில் கிடைத்தால் திறந்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. அதில் எவ்வளவு உண்மை என்று பார்க்கத்தான் நான் ஸ்டாண்டர்டு கம்பெனியின் கதைக்குள் போனேன். போனால் அது எங்கள் வயலில் ஓடும் டிராக்டர் வரை வந்து நின்றது.

அதற்கு முன் கேம் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கேம்ஷாஃப்ட் ஓர் இரும்புத் தண்டு. அதன்மேல் வரிசையாக முட்டை வடிவப் புடைப்புகள். தண்டு சுற்றும்போது ஒவ்வொரு புடைப்பும் தன்மேல் உட்கார்ந்திருக்கும் டேப்பட்டைத் தூக்கிவிடும். ஹெரால்டு மாதிரி எஞ்சினில் டேப்பட் ஒரு புஷ்ராடைத் தள்ள, அது ராக்கரைத் தள்ள, ராக்கர் வால்வைத் திறக்கும். புடைப்பு நகர்ந்ததும் ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. நான்கு சிலிண்டருக்கு எட்டு வால்வு, எட்டுப் புடைப்பு. அவ்வளவுதான்.

இந்தச் சூட்சுமம் எஞ்சினைவிட எவ்வளவோ பழையது. சீனாவில் ஹான் வம்சக் காலத்தில், கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, ஹுவான் தான் என்பவர் நீர்ச்சக்கரத்தால் இயங்கும் உலக்கைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். சுற்றும் தண்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டைகள் உலக்கையின் வாலை அழுத்தித் தூக்கிவிட, உலக்கை தானே விழுந்து தானியத்தைக் குத்தும். கேம் ஆரம்பத்தில் பார்த்த வேலைகளில் ஒன்று நெல் குத்துவது. மாமாவிடம் இதைச் சொன்னபோது கார் சம்பந்தமாக நான் சொன்னதிலேயே அவர் ரசித்த ஒரே விஷயம் இதுதான்.

கார் எஞ்சின் வந்த புதிதில் டெய்ம்லர் போன்றவர்களின் எஞ்சின்களில் இன்லெட் வால்வுக்குக் கேமே கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சலில் வால்வு தானாகத் திறந்துகொள்ளும். மெதுவாகச் சுற்றும் எஞ்சினுக்கு அது போதும். வேகம் கூடியபோது வால்வால் ஈடுகொடுக்க முடியவில்லை. அதனால்தான் இன்லெட்டுக்கும் கேம் வந்தது. எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று ஒரு மனிதர் முன்கூட்டியே முடிவு செய்து இரும்பில் செதுக்கிவைக்க வேண்டிய அவசியமும் அங்கேதான் வந்தது.

அந்த முடிவு ஏன் கஷ்டம்? பிஸ்டன் மேலே இருக்கும்போது திறந்து கீழே வந்ததும் மூடினால் போதாதா? போதாது. காற்றுக்கும் எடை உண்டு. எங்கள் ஊர் வாய்க்காலில் தலைமதகை மூடிய பிறகும் உள்ளே வந்த தண்ணீர் உடனே நின்றுவிடாது, ஓடிக்கொண்டுதான் இருக்கும். இன்லெட் குழாயில் வரும் காற்றும் அப்படித்தான். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது, பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டு மறுபடி மேலேறத் தொடங்கிய பிறகும், வந்த வேகத்திலேயே காற்று உள்ளே நுழைந்துகொண்டிருக்கும். எனவே வால்வைத் தாமதமாக மூடினால் கூடுதல் காற்று, கூடுதல் பவர். அதே வால்வை எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது தாமதமாக மூடினால்? காற்றுக்கு அந்த வேகம் இருக்காது. மேலேறும் பிஸ்டன் உள்ளே வந்ததையே திருப்பி வெளியே தள்ளிவிடும். சிலிண்டரில் அழுத்தம் குறையும், இழுவை போய்விடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எக்ஸாஸ்ட் வால்வு மூடி முடிவதற்குள் இன்லெட் திறக்கத் தொடங்கிவிடும். இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் இந்த நேரத்துக்கு ஓவர்லாப் என்று பெயர். அதிக வேகத்தில், வெளியேறும் புகையின் ஓட்டம் புதுக் கலவையை இழுத்துவிட உதவும். ஐடிலிங்கில் அதே புகை உள்ளேயே திரும்பி வந்து கலவையைக் கெடுக்கும். சில சுற்று பற்றும், சில சுற்று பற்றாது. நம் பையன்கள் யூடியூபில் கேட்டு உருகும் அந்த 'டுபுக் டுபுக்' சத்தம் என்பது எஞ்சின் மூச்சுத் திணறும் சத்தம்தான்.

ஸ்பிட்பயர் குடும்பத்துக் கேம்களை எண்களால்தான் கூப்பிடுவார்கள். 18-58 என்றால் இன்லெட் வால்வு பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 18 டிகிரி முன்பே திறக்கும், அடிமட்டம் தாண்டி 58 டிகிரிக்கு மூடும். நடுவில் 180. கூட்டினால் 256 டிகிரி. இதுதான் டியூரேஷன். எக்ஸாஸ்டும் அதே அளவில் என்பதால் ஓவர்லாப் 36 டிகிரி. 25-65 என்பது இன்னும் சூடான கேம். டியூரேஷன் 270, ஓவர்லாப் 50. மாமா பையன் வாங்கி மாட்டியிருந்ததன் அட்டையில் டியூரேஷன் 300 டிகிரி என்று இருந்தது. அதைத்தான் அவன் பர்ஸில் சாமி படம் மாதிரி வைத்திருந்தான்.

டியூரேஷன் என்றால் என்ன என்று மாமா கேட்டார். வால்வு எத்தனை நேரம் திறந்திருக்கிறது என்கிற கணக்கு என்றேன். "வயசு மாதிரியா?" என்றார். எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். ஏடிடி 43 என்றால் 110 நாள், குறுவைக்கு. சிஆர் 1009 என்றால் 155, 160 நாள், சம்பாவுக்கு. நெல்லுக்கு வயது பார்த்து ரகம் எடுப்பது அவர் வாழ்நாள் வேலை. "எது ஒசத்தின்னு கேட்டா என்ன சொல்றது? தண்ணி எப்ப வரும், எப்ப நிக்கும்னு சொல்லு, ரகம் சொல்றேன்" என்றார். கேம் பட்டறைகளில் இந்தக் கேள்வியைக் கேட்கும் ஆள் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

சரி, ஸ்டாண்டர்டு. இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ரெஜினால்டு மாட்ஸ்லே 1903இல் தொடங்கிய கம்பெனி. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அதன் தலைவராக இருந்த சர் ஜான் பிளாக் இரண்டு காரியம் செய்தார். நொடித்துப் போயிருந்த டிரையம்ஃப் கம்பெனியை வாங்கினார். ஹாரி ஃபெர்குசனின் சின்ன டிராக்டரைத் தன் தொழிற்சாலையில் செய்துதர ஒப்பந்தம் போட்டார். 1946இல் டிஇ20 என்ற அந்தச் சாம்பல் நிற டிராக்டர் வெளிவந்தது. தொடக்கத்தில் அமெரிக்க எஞ்சின். சீக்கிரமே ஸ்டாண்டர்டின் சொந்த நான்கு சிலிண்டர் எஞ்சின் அதில் ஏறியது. அதே எஞ்சின் குடும்பம்தான் கொஞ்சம் பெரிதாக, 2088 சிசியில், வேன்கார்டு என்ற குடும்பக் காருக்கும் போனது. 1953இல் இரண்டு லிட்டருக்குட்பட்ட பந்தயப் பிரிவில் அடங்குவதற்காகச் சிலிண்டர் விட்டத்தைக் குறைத்து 1991 சிசி ஆக்கி, டிரையம்ஃப் டிஆர்2 என்ற ஸ்போர்ட்ஸ் காரில் வைத்தார்கள்.

இப்போது எண்களைப் பாருங்கள். டிராக்டரில் அது நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஏறக்குறைய 25 குதிரைசக்தி. வேன்கார்டில் 4,200 சுற்றில் 68. டிஆர்2வில் 4,800 சுற்றில் 90. கேம் மட்டும் மாறவில்லை, உண்மைதான். கார்பரேட்டர், கம்ப்ரஷன், ஹெட் எல்லாம் மாறின. ஆனால் டிராக்டரைச் செய்தவர்கள் முட்டாள்களும் இல்லை, 65 குதிரையை ஒளித்து வைத்தவர்களும் இல்லை. சேற்றில் கலப்பை இழுக்கும் எஞ்சின் 4,800 சுற்றுக்கு எந்தக் காலத்திலும் போகப்போவதில்லை. அங்கே போய் வைக்கும் பவர் பரணில் வைத்த பாத்திரம் மாதிரி. அதற்குத் தேவை 1,000 சுற்றில் நின்றுவிடாமல் இழுப்பது. ஒரே இரும்பு, மூன்று வேலை.

இந்தக் குடும்பம் மெட்ராசுக்கும் வந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948இல் தொடங்கப்பட்டது. தொழிற்சாலை பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கம். கல்கத்தாவின் அம்பாசடர், பம்பாயின் பியட், மெட்ராசின் ஸ்டாண்டர்டு என்று இந்தியாவுக்கு மொத்தமே மூன்று கார் என்ற காலம் ஒன்று இருந்தது. 1985இல் அதே கம்பெனி ஸ்டாண்டர்டு 2000 என்று ரோவர் காரின் உடலில் ஒரு பெரிய காரை விட்டது. பார்க்க எழுபதுகளின் ஐரோப்பிய சொகுசுக் கார். பானெட்டைத் திறந்தால் உள்ளே அந்த வேன்கார்டு காலத்து 1991 சிசி எஞ்சின்! சில வருடத்தில் உற்பத்தி நின்றுபோனது. டிராக்டருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் பொருந்திய எஞ்சின் அந்தக் கனமான உடலுக்குப் பொருந்தவில்லை.

ஹெரால்டு இதைவிடச் சின்ன குடும்பம். 1953இல் ஸ்டாண்டர்டு எய்ட் என்ற எளிய காருக்காகச் செய்த 803 சிசி எஞ்சினில் தொடங்குகிறது. 26 குதிரைசக்தி. பிறகு சிலிண்டர் விட்டத்தை மட்டும் கூட்டிக்கூட்டி 948, 1147, 1296 என்று வளர்த்தார்கள். ஸ்ட்ரோக் 76 மில்லிமீட்டர் அப்படியே இருந்தது. இங்கிலாந்தில் ஹெரால்டு 1959இல் 948 சிசியில் வந்தபோதே இரண்டு விதமாக வந்தது. குடும்பக் காருக்கு ஒரு கார்பரேட்டர், சுமார் 35 குதிரைசக்தி. கூபே என்ற இரண்டு கதவு ஒயிலான வண்டிக்கு இரட்டைக் கார்பரேட்டர், சுமார் 45. முன்னதன் உச்சம் 4,500 சுற்றில், பின்னதன் உச்சம் 5,800 சுற்றில். 1961இல் மெட்ராசில் செய்யத் தொடங்கியது ஒரு கார்பரேட்டர் எஞ்சினை. அதே வருடம் இங்கிலாந்து 1147 சிசிக்குப் போய்விட்டது. நாம் 1972இல் வந்த கெசல் வரைக்கும் 948இலேயே உட்கார்ந்திருந்தோம். மாமா பையனின் மனக்குறையில் நியாயம் இருந்தால் அது இந்த இடத்தில்தான். சிசியில் நமக்குக் குறைத்தார்கள். கேமில் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு ஸ்பிட்பயரே சாட்சி. 1962 அக்டோபரில் அது வந்தபோது ஹெரால்டு 1200இல் இருந்த அதே 1147 சிசிதான். ஹெரால்டில் 4,500 சுற்றில் 39 குதிரைசக்தி. ஸ்பிட்பயரில் 5,750 சுற்றில் 63. இரட்டைக் கார்பரேட்டர், கூடுதல் கம்ப்ரஷன், வேறு எக்ஸாஸ்ட், வேறு கேம். குதிரைசக்தி என்பது முறுக்குவிசையைச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கி வருவது. கணக்குப் போட்டுப் பார்த்தால், கூடிய பவரில் ஏறக்குறைய பாதி, எஞ்சினை வேகமாகச் சுற்றவிட்டதால் மட்டுமே வந்தது. அந்தச் சுற்றுக்குப் போகாத ஆளுக்கு அந்தப் பாதி கிடையாது. 1965 லெ மான் பந்தயத்துக்கு ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் தயாரித்த ஸ்பிட்பயர்கள் அதே சிசியில் 100 குதிரையை நெருங்கின. தன் பிரிவில் வென்றும் காட்டின. தனி ஹெட், தனிக் கார்பரேட்டர்கள், பக்கத்தில் ஒரு மெக்கானிக் பட்டாளம். அந்த எஞ்சினை யாரும் காய்கறி வாங்க எடுத்துக்கொண்டு போகவில்லை.

தெருவுக்கா பந்தயத்துக்கா என்ற கேள்வியைக் கடைச் சரக்காக மாற்றியவர்கள் அமெரிக்கர்கள். கலிபோர்னியாவில் எட் வின்ஃபீல்டு 1920களிலேயே கேம் தேய்த்து விற்றார். அவரிடமிருந்து கற்றுக்கொண்ட எட் இஸ்கெண்டேரியன் போர் முடிந்து திரும்பி லாஸ் ஏஞ்சலஸில் கடை போட்டார். அந்த ஊர்ப் பையன்கள் பழைய ஃபோர்டுகளைப் பிரித்து உப்புப் படுகையில் ஓட்டிய காலம் அது. கேம்களுக்கு அரை ரேஸ், முக்கால் ரேஸ், முழு ரேஸ் என்று தரம் பிரித்திருந்தார்கள். சலூனில் கிருதா அளவு சொல்வது மாதிரி. வேலைநாளில் ஆபீசுக்கும் ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கும் ஒரே காரை ஓட்டியவர்களுக்குத்தான் அந்த முக்கால். ஜெனரல் மோட்டார்ஸ் 1956 கார்வெட்டுக்கு, ஸோரா ஆர்கஸ்-டன்டோவ் வடிவமைத்த கேமைத் தனி ஆப்ஷனாகவே கொடுத்தது. பந்தயத்துக்கு மட்டும் என்ற எச்சரிக்கையோடு. விற்கிறவனே 'இது தெருவுக்கில்லை' என்று எழுதிக் கொடுத்த அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. என் மாமா பையனுக்குக் கிடைத்த அட்டையில் அப்படி ஒரு வரி இல்லை.

நம் பக்கம் இந்தக் கலை வளர்ந்தது சோழவரத்தில். சென்னைக்கு வடக்கே, போர்க்காலத்து விமான ஓடுதளம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியது. தெருவில் ஓடிய அதே பியட்டும் அம்பாசடரும் ஹெரால்டும்தான் அங்கே சீறின. வெளிநாட்டுக் கேமை வரவழைப்பது லைசென்ஸ் ராஜ் காலத்தில் எல்லோருக்கும் ஆகிற காரியமில்லை. இருக்கிற கேமைத் தேய்ப்பதுதான் வழி. தேய்த்தால் எப்படி உயரம் கூடும் என்று கேட்பீர்கள். புடைப்பின் உச்சியைத் தொடமாட்டார்கள், மற்றபடி சுற்றியிருக்கும் அடிவட்டத்தைத் தேய்த்துச் சிறிதாக்குவார்கள். உச்சிக்கும் அடிக்கும் வித்தியாசம் கூடிவிடும். கோயம்புத்தூர் பம்ப்செட் செய்த ஊர், நூல் நூற்ற ஊர். அங்கே லேத்துக்கும் கிரைண்டிங்குக்கும் கை பழகிய ஆட்கள் நிறைய. அந்த ஊரின் எஸ். கரிவரதன் மாருதி 800 எஞ்சினைப் பின்னால் வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைச் செய்து, ஒரு தலைமுறை ஓட்டுநர்களை உருவாக்கினார். 1995இல் விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரில்தான் கோவையின் கரி மோட்டார் ஸ்பீட்வே. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் வந்த பிறகு சோழவரம் ஓய்ந்தது. பந்தயக்காரர்கள் ஒரு விஷயத்தில் தெளிவாக இருந்தார்கள். அவர்கள் எஞ்சின் 4,000 சுற்றுக்குக் கீழே வருவதே இல்லை. அவர்களுக்கு 300 டிகிரி சரி.

பிறகு ஹோண்டா வந்து இந்தச் சண்டையையே பாதி தீர்த்துவிட்டது. 1989இல் வந்த விடெக் எஞ்சினில், மெதுவாகப் போகும்போது ஒரு புடைப்பும் வேகம் கூடியதும் வேறொரு புடைப்பும் வேலை செய்யும்படி வைத்தார்கள். ஒரே தண்டில் டிராக்டரும் ஸ்பிட்பயரும். ஹெரால்டுக்கு அந்த வழி இல்லை. ஒன்றைத்தான் எடுக்க முடியும்.

தைப்பூசம் முடிந்து நான் ஊருக்குப் போனபோது கேம் விஷயம் தானாகவே அடுத்த கட்டத்துக்கு வந்திருந்தது. எஞ்சினில் 'டிக் டிக்' சத்தம். டேப்பட் கிளியரன்ஸ் 10 தவ் வைத்தால் மறுநாளே அதிகமாகிவிடுகிறது. பிரித்துப் பார்த்தோம். இரண்டு புடைப்புகள் மழுங்கிப் போயிருந்தன. டேப்பட்டின் அடிப்பக்கம் குழி விழுந்திருந்தது.

எப்படி ஸ்டார்ட் பண்ணினாய் என்று கேட்டேன். நல்ல நாள் பார்த்து, கோயில் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய், அங்கேதான் முதல் ஸ்டார்ட். எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, மாலை போட்டு முடியும்வரை அரைமணி நேரம் வண்டி ஐடிலிங்கில் நின்றிருக்கிறது. ஹெரால்டு எஞ்சினில் கேமுக்கும் டேப்பட்டுக்கும் நடுவே ஆயில் போவது பெரும்பாலும் கிராங்க் சுற்றி வீசியடிக்கும் சிதறலில்தான். புதுக் கேம் மாட்டினால் ஸ்டார்ட் ஆன கணத்திலிருந்து 2,000 சுற்றுக்கு மேல் வைத்து இருபது நிமிடம் ஓட்ட வேண்டும். அப்போதுதான் போதுமான ஆயில் விழும், இரண்டு பரப்பும் ஒன்றோடொன்று பழகும். ஐடிலிங்கில் விட்டால் காய்ந்த இரும்பும் இரும்பும் உரசும். அதோடு, அதிகமாகத் தேய்த்ததில் மேலே இருந்த கடினப் பூச்சும் மெலிந்திருந்தது. பழைய டேப்பட்டையே திரும்பப் போட்டிருந்தான். இப்போது வரும் பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்றுவதற்காகத் துத்தநாகச் சேர்மானத்தைக் குறைத்துவிட்டார்கள், பழைய தட்டை டேப்பட்டுகளுக்கு அதுதான் கவசம். சாமி காப்பாற்றுவதற்கு இதில் ஓரிடம்கூட மிச்சம் இல்லை.

அவன் முகம் செத்துப் போயிருந்தது. செலவைவிட, அப்பாவின் காரைக் கெடுத்துவிட்டோம் என்பதுதான். மாமா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. நாற்பது வருடம் அந்த எஞ்சின் ஒரு முறைகூட அவரைத் தெருவில் நிறுத்தியதில்லை.

புதுப்பேட்டையில் அலைந்து ஒரு பழைய 948 கேம் பிடித்தோம். எந்த வடிவத்தில் தேய்ப்பது? அவனுக்கு இன்னும் 25-65 மேல் ஆசை. வாதம் செய்யாமல் ஒரு வாரம் அவனுடைய பைக் பயணத்தைப் போனில் ஜிபிஎஸ் பதிவு எடுக்கச் சொன்னேன். கார் இருந்தாலும் அதே வழிதான், திருபுவனம் தாண்டிக் கும்பகோணம், எட்டு ஒன்பது கிலோமீட்டர், சில நாள் மயிலாடுதுறை. அந்த வேகங்களை ஹெரால்டின் கியர் விகிதத்தால் பெருக்கி, எஞ்சின் எந்தச் சுற்றில் எத்தனை நிமிடம் இருக்கும் என்று ஒரு ஷீட்டில் போட்டேன். நான் பார்க்கும் வேலைக்கு உபயோகமான ஒரே இடம் இதுதான். டாப் கியரில் 50 கிலோமீட்டர் வேகம் என்றால் எஞ்சின் 2,200 சுற்றைத் தொட்டாலே அதிகம். பெரும்பகுதி நேரம் 2,500க்குக் கீழே. 4,000ஐ அது தொட்டதே இல்லை. கூபேயின் 5,800 சுற்றை டாப் கியரில் பார்க்க வேண்டுமானால் 130 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டும். திருபுவனத்தில் பட்டுக் கடைகள் வாசலில் நிற்கும் கல்யாணக் கூட்டத்தை ஊடுருவி.

"அப்ப பழைய கேமையே போட்டுடலாம்ங்கறியா?" என்றான். குரலில் அழுகை.

முழுக்க அப்படியும் சொல்ல மனசு வரவில்லை. அவனுக்கு வேண்டியது குதிரைசக்தி இல்லை. தன் கையால் அந்தக் காரில் ஏதோ ஒன்று செய்திருக்க வேண்டும் என்பதுதான். அது தப்பா? 256 டிகிரிக்குத் தேய்க்கலாம் என்று முடிவானது. 18-58 வகை. ஐடிலிங் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டிவரும், ஆனால் நிற்கும். புகைப் பரிசோதனையில் பெட்ரோல் வண்டியை ஐடிலிங்கில்தான் பார்க்கிறார்கள். ஓவர்லாப் அதிகமான கேம் அங்கே மாட்டிக்கொள்ளும், இது தப்பித்துவிடும் என்பது என் கணக்கு. அரை மனதோடுதான் ஒத்துக்கொண்டான். புது டேப்பட் எட்டும் வாங்கினோம். துத்தநாகம் தூக்கலாக இருக்கும் டீசல் எஞ்சின் ஆயில் ஊற்றினோம்.

இந்த முறை முதல் ஸ்டார்ட் வீட்டு வாசலில். ரேடியேட்டர் பக்கம் ஒருவன் தண்ணீர் வாளியோடு, நான் வாட்சோடு, அவன் ஆக்ஸிலேட்டரில். இருபது நிமிடம், 2,000 சுற்றுக்கு மேல். எதிர்வீட்டு ஆச்சி வந்து யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் கோயில், எலுமிச்சம்பழம் எல்லாம்.

மாமா மறுநாள் ஓட்டிப் பார்த்தார். தெற்கு வீதியில் இரண்டாவது கியரில், ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காமல், மாட்டு வண்டி வேகத்தில் போனார். ரயில்வே கேட்டில் எஞ்சினை அணைக்காமல் நின்றார். கேட் திறந்ததும் ஒரு உதறல் இல்லாமல் கிளம்பியது. "நல்லாத்தான் இருக்கு" என்றார். முன்னைக்கு வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டான் பையன். "தெரியல" என்றார் மாமா. அவரளவில் அது பாராட்டு. அவனுக்கு அது அப்படிக் கேட்கவில்லை.

நான் சென்னைக்குக் கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டு வரை அதே காரில் கொண்டுவந்து விட்டான். இறங்கியதும் கண்ணாடியை இறக்கிக் கேட்டான்: "அத்தான், அந்த கூபேக்கு இருந்த மாதிரி ரெட்டை கார்பரேட்டர் போட்டா எப்படி?"